ஆன்டெனா பிடித்தவர்

"மேலேயே சுத்திக்கிட்டிருக்கிற அந்த மாமாகிட்ட டிவி இருக்காம்மா?"

நிலவில் மனிதன் முதன்முதலாக நடந்த அன்று, அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்த ஐந்து வயது மகள் இப்படிக் கேட்டாள். மூன்று பேர் போனார்கள், இரண்டு பேர் இறங்கினார்கள், மூன்றாமவர் கலத்திலேயே நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று யாரோ விளக்கியிருந்தார்கள். கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த தெருவே சிரித்தது. கடல் கடந்து குடியேறிய தமிழர்களின் அந்தத் தெருவுக்கு முதல் டிவி அந்த வீட்டில்தான் வந்திருந்தது.

அந்தக் கேள்வியை அந்தக் குடும்பம் ஐம்பது வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. மகள் வளர்ந்து ஆசிரியை ஆனாள். வகுப்பிலும் அதைச் சொன்னாள். அப்பா வருகிறவர் போகிறவரை எல்லாம் பிடித்து வைத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் விண்ணுக்குப் போய் வந்துவிட்டார்கள். பெயர் கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நாள் மட்டும் அழியாமல் நிற்கிறது. மனிதன் நிலவை எட்டினான் என்பதற்காக மட்டுமல்ல. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு வீட்டார் அன்று ஒரே பாயில் உட்கார்ந்தார்கள் என்பதற்காகவும்தான்.

ஐம்பதாம் ஆண்டு வந்தபோது மகள் பழைய ஆட்களை அதே கூடத்துக்கு அழைத்தாள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் வந்தாள். அன்று ஸ்டுடியோக்காரர் எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதில் தங்களைத்தான் தேடினார்கள்.

கடைசியாகச் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. சைக்கிள் கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி போன பிறகு கடைக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, நடுங்கும் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"நீங்க இதுல எங்க இருக்கீங்க, ஐயா?" என்று நிருபர் அவரைக் கேட்டாள்.

அவர் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "இவனா? இவன் எங்க இருந்தான்? உலகமே நிலாவைப் பார்க்கிறப்ப இவன் எங்கயாவது பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்திருப்பான்."

"நான் மேல இருந்தேண்ணே."

"மேலயா? ராக்கெட்லயா?"

"அட, அந்த மூணாவது ஆள் நீதானாப்பா!" என்றார் ஸ்டுடியோக்காரர். "இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே!"

கூடம் குலுங்கிச் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, குடிக்காத டீயை ஜன்னல் திட்டில் வைத்தார். வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா அடுக்களை வாசலில் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. நாலு பேர் முன்னால் கணவர் பேச்சை மறுத்துப் பழக்கமில்லாத வாய் அதை விழுங்கிவிட்டது.

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த நாள், காலையிலிருந்தே காற்று. மொட்டைமாடியில் ஆன்டெனா கம்பத்தின் பிடி கழன்று, டிவியில் வெறும் புள்ளியாக ஓடியது. யாராவது கம்பத்தை ஒரு பக்கமாகத் திருப்பி அசையாமல் பிடித்தால்தான் படம் வந்தது. கொழுந்தன் விடிந்ததுமே வந்து முன் வரிசையில் இடம் பிடித்திருந்த பையன். அவனிடம் அம்மாதான் சொன்னார்: "தம்பி, கொஞ்ச நேரம் போய்ப் பிடிச்சுக்கோங்க. ஆளை மாத்தி அனுப்பறேன்."

கீழிருந்து எல்லாரும் கத்தினார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும், அசையாதே! அவன் அசையவில்லை. யாரையும் மாற்றி அனுப்பவுமில்லை. கூட்டம் கலைந்த பிறகு, வெயிலில் கறுத்த முகத்தோடு இறங்கி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "நல்லா தெரிஞ்சுதா, அண்ணி?"

விருந்தாளிகள் போனதும் அம்மா கேட்டார்: "ஏங்க, அன்னிக்கு மாடியில கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தது யாரு?"

"எந்தக் கம்பம்? படம் கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது. புது டிவி ஆச்சே!"

அவர் பொய் சொல்லவில்லை. மறந்தே போயிருந்தார். மறதி கடவுள் தந்த வரம் என்கிறோம். நமக்கு உதவியவர்கள்மேல்தான் அதை முதலில் செலவழிக்கிறோம்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது, மகளின் கேள்வி வந்தது, மூன்றாவது ஆள் நகைச்சுவைகூட வந்தது. ஞாயிறு தவறாமல் சாப்பிட வருகிற சித்தப்பா அந்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "பத்திரிகையில பேர் வரலைன்னு கோபம். சின்னப் பிள்ளை பாரு" என்றார் அப்பா.

அம்மா தினமும் சொல்கிற ஜெபத்தின் நடுவில் நிறுத்தி, இத்தனை வருஷத்தில் நீயாவது எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா என்று கடவுளைக் கேட்டார். கேட்டதும் வெட்கமாக இருந்தது. பிஸ்கட் தட்டோடு வாசலில் நின்றபோது ஞாபகம் இருக்கத்தானே செய்தது?

அன்றே மகளின் போனை வாங்கி, அந்த நிலவுப் படத்தை எப்படி ஓடவிடுவது என்று கற்றுக்கொண்டார். "இப்ப எதுக்கும்மா உனக்கு?" என்றாள் மகள். "சும்மாதான்டி."

அம்மா போனோடு போனபோது சித்தப்பா தன் அறையில் கட்டிலில் படுத்திருந்தார். அண்ணியைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"படுங்க தம்பி. இதை முழுசா பார்த்திருக்கீங்களா?"

அவர் போனைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார். "எத்தனையோ தடவை போட்டாங்க. சேனலை மாத்திடுவேன். போகாத கல்யாணத்துக்குப் போட்டோ எதுக்கு, அண்ணி? என் பொண்டாட்டிகிட்டகூடப் பார்த்தேன்னுதான் சொல்லி வச்சிருந்தேன்."

"ஆளை மாத்தி அனுப்பறேன்னு சொன்னது நான். அனுப்பாதவளும் நான்தான்."

அவர் போனுக்காகக் கை நீட்டினார். கை நடுங்கியதில் படம் குலுங்கியது. அம்மா அதை வாங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இவ்வளவு மங்கலாவா இருந்துச்சு?"

"நீங்க பிடிச்சதால இவ்வளவாவது தெரிஞ்சுது."

திரையில், ஏணியில் ஒரு கால் இறங்கியது. சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பக்கம் வாங்க, அண்ணி. உங்களுக்குத் தெரியலையே."

"நான் அன்னிக்கே பார்த்துட்டேன், தம்பி. நீங்க பாருங்க."

அம்மாவுக்கு முன்னால் இருந்தது போனின் முதுகும், அதற்கு மேலே ஓதம் ஏறிய சுவரும்தான். தோள் வலித்தது. மற்றொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். கதவு சாத்தியிருந்தது, கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கை வலிக்கும், அண்ணி. போதும்."

"இன்னும் நிறைய இருக்கு. பேசாம பாருங்க."