வலது கையில் ஒரு வண்டு

தையல்காரரின் வலது கையில் வண்டு நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவிதான்.

"தூங்குறப்ப அவரு கை என் தலைமாட்டுலதான் கிடக்கும் டாக்டர். விடிய விடிய ர்ர்ர்னு கேட்டுக்கிட்டே இருக்கும். இன்னிக்குக் கண்ணு முழிச்சா சத்தத்தைக் காணோம். மனுஷன் குறட்டை விட்டுக்கிட்டு இருக்காரு, வண்டு மட்டும் இல்ல."

"குறட்டையை எல்லாம் இங்க சொல்லணுமா?" என்றார் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த தையல்காரர்.

"உயிரோட இருக்கீங்கன்னு அதை வச்சுத்தானே தெரிஞ்சுக்கிட்டேன்."

பயிற்சி மருத்துவர் குனிந்து அவருடைய முழங்கை மடிப்பில் விரல்களை வைத்தாள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அங்கே ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவை செய்து சேர்த்திருந்தார்கள். சேர்த்த இடத்தில் ரத்தம் பாய்ந்து ஓடும்போது தோலுக்கு அடியில் ஓயாத அதிர்வு ஒன்று இருக்கும். அந்த வீட்டில் அதற்கு வண்டு என்று பெயர். இப்போது அவள் விரலுக்கு அடியில் சிரை கயிறு போல விறைத்துக் கிடந்தது. உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது.

"திறந்துரலாமா?" என்றார் தையல்காரர்.

"முயற்சி பண்றோம். ஊசி வழியா உள்ள போய், உறைஞ்சதை உறிஞ்சி எடுத்து, சுருங்கின இடத்தை பலூன் வச்சு விரிப்போம். கத்தி கிடையாது. முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க."

"திறக்கலேன்னா?"

அவள் மென்று விழுங்கவில்லை. அவருடைய இடது கை இணைப்பு எப்போதோ செத்துப்போயிருந்தது. கழுத்தின் இரண்டு பக்க ரத்தக் குழாய்களும் பழைய ட்யூபுகளால் சுருங்கிவிட்டன. மிச்சம் இருப்பது ஒரே வழி.

"தொடை இடுக்குல ட்யூப் போடணும்."

"அதோட தையல் மெஷின்ல உக்காந்து மிதிக்க முடியுமா?"

"முடியாது."

 தையல்காரர், சாவி தொலைந்த கதவைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்: "அப்ப திறந்துருங்க."

எக்ஸ்ரே படங்களைப் படித்துச் சொல்லும் படிப்பை அவள் ஏற்கெனவே முடித்திருந்தாள். இப்போது பயில்வது அதற்கு மேல் ஒரு வேலை: படத்தைப் பார்த்துக்கொண்டே கம்பியையும் குழாயையும் உடம்புக்குள் ஓட்டிச் சென்று, அடைத்ததைத் திறப்பது, கசிவதை அடைப்பது. இதற்கென்று பயிற்சி அறையில் ஒரு பொம்மை உடல் இருந்தது. ரப்பர் குழாய்கள், கணினித் திரை. சுருக்கம் விரிந்ததும் திரையில் பச்சை விளக்கு எரியும். அவளுடைய குழுவில் அந்த விளக்கை அவளைவிட வேகமாக எரிய வைத்தவர்கள் யாரும் இல்லை. துறைத் தலைவரான சீஃப் அதைப் பார்த்துத்தான் இன்று, "நீயே செய். நான் பக்கத்து ரூம்லதான் இருப்பேன்" என்று சொல்லியிருந்தார்.

அவள் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததும் தையல்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதை யாரு தச்சது? தோள்ல தொங்குது பாருங்க. உங்களுக்கு அளவெடுக்கலையா?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதான்."

"அதான் பாத்தாலே தெரியுதே."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டெக்னீஷியன் சிரித்தான். பழைய எந்திரம் நின்றுபோனால் ஒரு தட்டுத் தட்டி ஓட்டுவான் என்பதால் அவனை எல்லோரும் மெக்கானிக் என்றே கூப்பிட்டார்கள். நர்ஸ் தையல்காரரின் வலது கையைப் பக்கப் பலகையில் அகலமாக நீட்டி வைத்து, மருந்து தடவி, பச்சை விரிப்பால் மூடினார். கை மட்டும் வெளியே தெரிந்தது. வெட்டவும் தைக்கவும் பழகிய கை. கட்டைவிரலில் கத்தரிக்கோல் வளையம் பதிந்த காய்ப்பு.

ஸ்கேனில் பார்த்து மரப்பு ஊசி போட்டாள். சிரைக்குள் ஊசியை இறக்கி, அதன் வழியே கம்பியை விட்டாள். கம்பி உறைந்த ரத்தக் கட்டிக்குள் சொரசொரவென்று ஊர்ந்து போவது விரலுக்குத் தெரிந்தது. குழாயை ஏற்றி உறிஞ்சினாள். கருஞ்சிவப்பாக, மண்புழு மாதிரி, கட்டி கட்டியாக வெளியே வந்து கிண்ணத்தில் விழுந்தது.

"வருதா?" என்றார் தையல்காரர்.

"வருது. பாக்காதீங்க."

"ரத்தத்துக்குப் பயந்தவன் நூலும் ஊசியுமா வேலை பாப்பானா?"

முழங்கைக்குச் சற்று மேலே சிரை சுருங்கியிருந்தது. பலூனை அங்கே நிறுத்தி ஊதினாள். திரையில் பலூனின் நடுவே இடுப்பைப் பிடித்துத் தைத்ததுபோல ஒரு குறுகல் தெரிந்தது. அழுத்தத்தைக் கூட்டினாள். குறுகல் கரைந்தது. பலூனைச் சுருக்கிவிட்டு, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தாள். முழங்கையிலிருந்து தோளுக்குப் பாதி தூரம் வரை சிரை கருப்பு நாடா மாதிரி வழுவழுவென்று நிறைந்து ஓடியது.

"படம்னா இது படம். மாட்டி வைக்கலாம்" என்றான் மெக்கானிக் ஒலிபெருக்கியில்.

பக்கத்து அறையில் ஈரல் நோயாளி ஒருவரைத் தயார் செய்துகொண்டிருந்த சீஃப் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டு மூடிரு."

பயிற்சி அறையாக இருந்தால் இந்நேரம் பச்சை விளக்கு எரிந்திருக்கும். கம்பியை இழுக்கப் போனவள், சும்மா, இடது கை விரல்களைச் சிரையின் மேல் வைத்தாள்.

தட். தட். தட்.

துடிப்பு இருந்தது. பலமாகவே இருந்தது. வண்டு இல்லை.

அவள் விரலை எடுக்கவில்லை. தோட்டத்துக் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு நுனியைக் கட்டைவிரலால் அடைத்தால் குழாய் கையில் இப்படித்தான் துள்ளும். தண்ணீர் வருவதால் துள்ளுகிறது. போக இடம் இல்லாததாலும் துள்ளுகிறது.

பொம்மை உடலில் துடிப்பும் கிடையாது, வண்டும் கிடையாது. அதன் ரப்பர் சிரை தோளுக்குப் பாதி தூரத்தில் முடிந்துவிடும். அவளும் இன்று படத்தை அங்கேயே முடித்திருந்தாள். யாரும் முடிக்கச் சொல்லவில்லை. பழகிய கை, பழகிய இடத்தில் நின்றுவிட்டது.

"சார், மூடல" என்றாள். "வண்டு வரல."

"என்ன வரல?"

"அதிர்வு சார். துடிப்புதான் இருக்கு."

"துடிக்குதுல்ல, அப்புறம் என்ன? ரத்தம் போகுது. படத்துல பாத்தேனே."

"போகுது. போய்ச் சேருதான்னு பாக்கல. தோளை நான் படம் எடுக்கவே இல்ல சார்."

 நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து அறையில் ஈரல் நோயாளி சீஃபுக்காகக் காத்திருந்தார்.

"எடு" என்றார் சீஃப்.

மெக்கானிக் மேசையை நகர்த்தினான். அவள் மருந்தைச் செலுத்தினாள். கருப்பு நாடா தோள்வரை நிமிர்ந்து வந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே வளைந்து நெஞ்சுக்குள் இறங்கும் இடத்தில் தையல் நூலாகிவிட்டது. அதைச் சுற்றிலும், அடைத்த சாலையை விட்டுச் சந்து பொந்தில் புகும் வண்டிகள் போல, ஏதேதோ சின்னக் குழாய்கள்.

"ஓ, இங்க உக்காந்திருக்கா" என்றான் மெக்கானிக்.

முழங்கைக்கு மேலே விரித்தது பாதி வேலை. இப்படியே மூடியிருந்தால் வீடு போய்ச் சேருவதற்குள் மறுபடி உறைந்திருக்கும்.  அவள் தோளில் அங்கி இன்னும் கொஞ்சம் கனத்தது.

சீஃப் முகக்கவசத்தோடு கதவருகே வந்து நின்றார். "அந்த வளைவு பிடிவாதம் பிடிக்கும். அதிகமா அழுத்தினா கிழியும். தெரியும்ல?"

"தெரியும் சார். கிழிஞ்சா உள்பக்கமா மூட, கவர்டு ஸ்டென்ட் எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்."

நர்ஸ் தலையசைத்தார். உண்மையில் அப்போதுதான் அலமாரி பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"நான் அந்தக் கேஸ்ல கை வச்சுட்டா பாதில சட்டுனு வர முடியாது. இப்பவே சொல்லு. நான் பண்ணட்டுமா, நீ பண்றியா?"

"நான் பண்றேன்."

"முடிஞ்சா கூப்பிடு. முடியலேன்னா அதுக்கு முன்னாடியே கூப்பிடு." அவர் போய்விட்டார்.

கம்பி வளைவு வரை ஒழுங்காகப் போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து பூனை வாலாகச் சுருண்டது. நுனி வளைந்த வேறு குழாயை ஏற்றினாள். அதுவும் சந்துக்குத்தான் போயிற்று. கம்பியை விரல்களுக்கு இடையே உருட்டி உருட்டித் தள்ளினாள். மறுபடியும் பூனை வால்.

"என்ன டாக்டரம்மா, ஊசில நூல் ஏறலையா?"

"ஏறல."

"எச்சில் தொட்டுப் பாருங்க."

"சிஸ்டர் அடிப்பாங்க."

"அடிப்பேன்" என்றார் நர்ஸ்.

அவள் நிமிர்ந்து தன் வலது கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பார்த்தாள். அங்கிக்குள் கழுத்தெலும்பு மேலே ஏறியது. இறக்கினாள், எலும்பும் இறங்கியது. கையை இவ்வளவு அகலமாக நீட்டி வைத்தால் வளைவு இன்னும் மடங்கத்தானே செய்யும்.

"ஐயா, கோட்டுக்கு அளவெடுக்குறப்ப ஆளை எப்படி நிக்கச் சொல்வீங்க?"

"கையைத் தொங்கப் போட்டு, தோளைத் தளர்த்தி."

"அதை இப்ப படுத்துக்கிட்டே செய்யணும். கையை மெதுவா உடம்போட சேக்கப் போறோம்."

"விரிப்பெல்லாம் கலைஞ்சிரும் டாக்டர். முதல்லேர்ந்து போடணும்" என்றார் நர்ஸ்.

"போடுவோம் சிஸ்டர்."

போட்டார்கள். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே போட்டார், ஆனால் சுருக்கமில்லாமல் போட்டார். கம்பியை ஒரு கணமும் விடாமல் அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். கை உடம்போடு சேர்ந்ததும் திரையில் வளைவு கொஞ்சம் நிமிர்ந்தது. கம்பியை உருட்டினாள். நுனி சந்தின் வாயில் தயங்கி, வழுக்கி, நேராக நெஞ்சுக்குள் இறங்கியது.

 

முதல் பலூனுக்கு அந்தக் குறுகல் அசையவே இல்லை. அதிக அழுத்தம் தாங்கும் தடித்த பலூனைக் கேட்டாள். அதை ஊதத் தொடங்கியதும் தையல்காரரின் கால்கள் விரிப்புக்கு அடியில் மடங்கின.

"தோளைப் பிடிச்சு யாரோ திருகுற மாதிரி இருக்கு."

நர்ஸ் வலி மருந்தை ஏற்றினார். திரையில் பலூனின் இடுப்பு அப்படியே இருந்தது.

"நிறுத்தட்டுமா?" என்றாள்.

"வண்டு வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

அழுத்தமானியின் முள்ளை நர்ஸ் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். அவள் கைப்பிடியைக் கொஞ்சம் திருகினாள். நின்றாள். இன்னும் கொஞ்சம். பலூனின் தாங்கும் எல்லை அவளுக்குத் தெரியும். சிரையின் எல்லை யாருக்கும் தெரியாது. அவசரப்படாமல், அந்த அழுத்தத்திலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.  முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

இடுப்பு ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தது. பிறகு மறுபக்கம். பலூன் திரையில் உருண்டையாக நிமிர்ந்தது.

பலூனைச் சுருக்கினாள். இனி மருந்து வெளியே கசிந்தால் கிழிந்திருக்கிறது என்று பொருள். படம் எடுத்தாள். நாடா வளைவைத் தாண்டி இதயம் வரை ஓடியது. கசிவு இல்லை. சந்து பொந்துகளில் ஒன்றையும் காணவில்லை.

அழகான படம்தான். அவள் அதை நம்பாமல் விரல்களை வைத்தாள்.

ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு கையுறைகளையும் தாண்டி அது வந்தது. ர்ர்ர்.

"மெக்கானிக், சீஃப்கிட்ட முடிஞ்சுதுன்னு சொல்லிடுங்க" என்றாள். குரல் மாறாமல் பார்த்துக்கொண்டாள்.

குழாய்களை எடுத்துவிட்டு, ஊசி போட்ட துளையைச் சுற்றி ஒரு தையல் போட்டு இழுத்து முடிந்தாள். ரத்தம் நிற்க விரலால் பலமாக அழுத்தினால் திறந்தது மறுபடி உறைந்துவிடும்.

"தையலா போடுறீங்க?" என்றார் தையல்காரர். கண்கள் மருந்தில் சொருகியிருந்தன. "நேரா வருதா?"

"வட்டமா வருது. சுருக்குத் தையல்."

"அது கஷ்டமாச்சே. காட்டுங்க."

"கட்டுப் போட்டாச்சு. இனிமே பிரிக்கிறப்ப பாத்துக்கங்க."

"அந்த அங்கியைக் குடுத்தனுப்புங்க, தோளை ஒரு இஞ்சு உள்ள பிடிச்சுத் தரேன்."

"ஈயம் ஐயா. ஊசி இறங்காது."

"பாப்போம்" என்றார் அவர்.

ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தார்.  யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆள் நடமாட்டம் மிகுந்த அந்த நடையில், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் நடுவே குனிந்து, கட்டுக்குச் சற்று மேலே புருஷன் கையில் காதை வைத்தார். பின்னால் வந்த இன்னொரு ஸ்ட்ரெச்சர் ஒதுங்கி வழிவிட வேண்டியதாயிற்று.

அவர் நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன டாக்டர் இது, முன்னைவிட சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்றார், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இனிமே நான் எப்படித் தூங்குறது?"

"எடம் மாறிப் படு" என்றார் தையல்காரர், கண்ணைத் திறக்காமல்.

"அதெல்லாம் முடியாது" என்றார் மனைவி.

டயாலிசிஸ் பிரிவுக்கு ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. அந்த வலது கையை விட்டுவிடாமல் மனைவி பக்கவாட்டிலேயே நடந்தார். பயிற்சி மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு, ஈய அங்கியின் தோளை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்தவரைப் பார்க்கப் போனாள். அவருக்கும் கையில்தான் அடைப்பு. எக்ஸ்ரே திரையை இன்னும் போடவில்லை. அவள் முதலில் விரல்களை வைத்தாள்.