கிளிப் குறி விழாத மெயில்

என் அண்ணன் ராக்கையா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிரிண்டிங் மாஸ்டராக இருந்தார். அதே கம்பெனி ஆபீசில் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களின் மெயில் பார்க்கும் வேலை எனக்கு. அதை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

2006 மார்ச்சில் குழந்தைகள் டீசர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் கரடிப் படம். கழுத்திலிருந்து எத்தனை இஞ்சு தள்ளி அச்சடிக்க வேண்டும் என்று பையர்கள் ஒரு தாளை மெயிலோடு இணைத்து அனுப்புவார்கள். அதைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டுக் கீழே பிரிண்டிங்கில் கொடுப்போம். தாள் கைக்கு வராமல் மாஸ்டர் சாயத்தைத் தொட மாட்டார்.

ஒரு நாள் அண்ணன் மாடிக்கு வந்தபோது நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். திரையில் அந்த ஆர்டர் கொடுத்த பையரம்மாவின் மெயில் திறந்திருந்தது. கரடியின் மேல் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு.

"ஏ பாப்பா, ரெண்டு இஞ்சு கீழ எறக்கணுங்காங்களா?"

போனைக் காதில் வைத்தபடியே தலையாட்டினேன். தங்கையின் தலையாட்டல் போதுமென்று அவர் போய் அச்சடித்துவிட்டார். பிறகு அந்த மெயிலைத் தாளில் எடுத்துக் கொடுக்க நானும் மறந்தேன்.

சரக்குப் பார்க்க வந்த ஆய்வாளர் ஆர்டரோடு முதலில் வந்த பழைய தாளை வைத்து அளந்து, லாட் முழுவதையும் தள்ளிவிட்டார்.

செக்கிங்கில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சி சிரித்தாள். "என்ன மாஸ்டரண்ணே, கரடி தண்ணி குடிக்க எறங்கிருச்சா?"

"எறக்கச் சொன்னதே வெள்ளக்காரம்மாதான் தாயி. பாப்பாட்ட மெயில் இருக்கு."

முதலாளி சுப்பண்ணன் என் மேசைக்கே வந்தார். "அந்த மெயில எடு கண்ணு. காட்டீட்டா சரக்க எடுத்துக்குவாங்க."

படம் வந்த மெயிலுக்குப் பக்கத்தில் கிளிப் குறி இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. கிளிப் உள்ளதை மட்டும் தேடினேன். பதினோரு மெயில் வந்தன. எதிலும் சிவப்பு அம்பு இல்லை.

"அப்படி எதுவும் வரலைங்க" என்றேன். தலையாட்டியது நினைவில் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

அண்ணன் என்னையே பார்த்தார். "பாப்பா தேடுனா சரியாத்தான் இருக்கும். நான்தான் கொழப்பிக்கிட்டேன் மொதலாளி."

மறுநாளே வேலையை விட்டார். அவிநாசிப் பக்கம் சின்ன யூனிட் ஒன்றில், வேறொரு மாஸ்டருக்குக் கீழே சேர்ந்தார்.

பதினைந்து நாள் கழித்துக் கம்ப்யூட்டர் சரிபார்க்க வந்த கந்தப்பனிடம், படம் வந்த மெயிலுக்குக் கிளிப் குறி விழாமல் போகுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"மெயிலுக்குள்ளயே ஒட்டுன படத்துக்கு கிளிப் விழாதுங்க" என்றார். "அதையும் சேத்துனா, கையெழுத்துக்குக் கீழ கம்பெனி லோகோ வெக்கறாங்கல்ல, அத்தனைக்கும் விழுகுமுங்க. அப்பறம் எதைத் தேடுவீங்க?"

"ஒட்டுன படந்தான் முக்கியம்னா?"

"ஒவ்வொண்ணாத் தொறந்து பாக்கோணும். இல்லீன்னா எது லோகோ, எது வேல சம்பந்தப்பட்ட படம்னு கம்ப்யூட்டரே பிரிச்சுக் காட்டோணும். நம்மகிட்ட இருக்கறதுக்கு அந்த அறிவு இல்லீங்க."

அவர் போனதும் கிளிப் இல்லாத மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஏழாவது மெயிலில், எழுத்துகளுக்கு நடுவே, கரடியும் அம்பும்.

சொன்னால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். மெயிலை அழிக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அண்ணன் ஞாயிறுதோறும் சாப்பிட வந்தார். நான் கறி பரிமாறினேன்.

ஆகஸ்டில், அந்த யூனிட்டிலேயே நெஞ்சுவலி வந்து இறந்தார்.

பதினாறாம் நாள் காலை மதினி சித்ராதேவி அவருடைய வேலை நோட்டை என்னிடம் கொடுத்தார். ஒரு பக்கத்தில் பென்சிலால் வரைந்த டீசர்ட், கரடி, அம்பு. கீழே, என் பெயரோடு: "அனுசுயா மெயிலில் பார்த்தது. கேட்டேன், ஆமா என்று தலையாட்டினாள்." அந்த நோட்டு எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். தான் குழப்பிக்கொண்டதாக முதலாளியிடம் சொன்ன அன்றும் இருந்திருக்கும்.

மத்தியானம் முதலாளி துக்கம் கேட்க வந்தார். "தங்கமான மனுசனுங்க. அந்த ஒரு லாட்டுலதான் தப்புப் பண்ணீட்டாரு."

அந்தப் பக்கத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன். "தப்புப் பண்ணுனது அண்ணன் இல்லைங்க. அந்த மெயில் இன்னும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு. நாந்தான் தேடத் தெரியாம வரலைன்னேன்."

முதலாளி வாசித்துவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். காப்பி டம்ளருடன் நின்ற மதினி கேட்டார்.

"அந்த மெயில் உனக்கு எப்பக் கெடச்சது?"

"அண்ணன் வேலைய விட்ட பதினஞ்சாம் நாளே."

"அவுக இருக்கும்போதேவா?"

"ஆமா மதினி" என்றேன்.