தாண்டவராயர் வீட்டுப் பூசணம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்குப் பெரியவர் தாண்டவராயர், அவர் மகன் குமரவேல், மருமகள் பூங்கோதை, அவளுடைய அப்பா நல்லசிவம், நுரையீரல் மருத்துவர் மங்கையர்க்கரசி, பீரோவுக்குப் பின்னால் சுவரில் வளர்ந்திருந்த பூசணம். பூசணத்துக்கும் நாற்காலி போடப்பட்டது. வந்தவரை நிற்கவைத்துப் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

விஷயம் இதுதான். பூங்கோதைக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது. பிறந்த வீட்டுக்குப் போனால் சரியாகிவிடுகிறது. திரும்பி வந்து வாசல்படி ஏறினால் சாயங்காலத்துக்குள் காய்ச்சலும் வறட்டு இருமலும்.

ஊர் இதை எப்படிப் பேசும் என்று தாண்டவராயருக்குத் தெரியும். அவர் முதலில் சம்பந்தியைச் சந்தேகித்தார்.

"உங்க வீட்ல மட்டும் இருமல் எப்படி நிக்குது சம்பந்தி?"

"தானா நிக்குதுங்க."

"தானா எதுவும் நிக்காது. என்ன குடுக்குறீங்க?"

"ரசம்."

"எங்க வீட்லயும் ரசம்தான்."

"அத நானும் குடிச்சிருக்கேன்," என்றார் நல்லசிவம்.

அதற்குள் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைப் பூங்கோதையின் முதுகிலிருந்து எடுத்துச் சுவரில் வைத்தார். "நல்லா இழுத்து விடுங்க," என்றார். சுவர் மூச்சை இழுத்து விட்டது. கூடம் கொஞ்சம் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது. பூங்கோதை இருமினாள்.

"இந்தப் பூசணத்தோட தூள் காத்துல கலந்து நுரையீரலுக்குப் போகுது. இவங்க உடம்புக்கு ஒத்துக்கல. இப்படியே இருந்தா நுரையீரல் இறுகிடும். அப்புறம் மருந்து கேக்காது."

"எங்களுக்கு ஒத்துக்குதே?"

"உங்களுக்கு ஒத்துக்கும்," என்றார் மருத்துவர். அவர் எந்த ஊர்க்காரர் என்று விசாரிக்க வேண்டும் எனத் தாண்டவராயர் நினைத்துக்கொண்டார்.

பிறகு பூசணத்தின் பக்கம் திரும்பினார். அது ஈரமாக, அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

"யாரு கூப்ட்டு வந்தீங்க?"

"கல்யாணத்துக்கு வந்தேன்."

"யாரு கல்யாணத்துக்கு?"

"உங்க கல்யாணத்துக்கு."

"சொரண்டி எடுத்துட்டா என்ன?" என்று குமரவேல் கேட்டான்.

"செவுரு பூரா அதுதான். சொரண்டினா செவுரு இருக்காது," என்றார் மருத்துவர்.

நல்லசிவம் எழுந்தார். "வாம்மா, கிளம்பு."

பூங்கோதை மாமனாரைப் பார்த்தாள். "மாமா, இந்தத் தடவ போனா நான் திரும்பி வரமாட்டேன். எனக்கு மூச்சு வேணும்."

தாண்டவராயர் நாற்காலியில் சாயாமல் யோசித்தார். அந்தக் குடும்பத்தை விட்டு மருமகள் எவளும் போனதில்லை.

"குமரா, நம்ம வீட்டுக்குப் பொறந்த வீடு எது?"

"ஆத்துக்கு அக்கரையில செங்கல் சூளைப்பா."

"சொல்லி அனுப்பு."

மாலையில் சூளைக்காரர்கள் தட்டு வரிசையோடு வந்தார்கள். வாசல் நிலைக்குப் பூ வைத்து, வீட்டை அழைத்துக்கொண்டு போனார்கள். பூசணமும் கூடவே போனது. சந்து திரும்பும் இடத்தில் மாடி இடித்தது. வீடு குனிந்துகொண்டது.

கூடம் இருந்த இடத்தில் எல்லோரும் நாற்காலிகளில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தூறல் போட்டது. பூங்கோதை மூச்சை ஆழமாக இழுத்தாள். இருமல் வரவில்லை. அவள் இன்னொரு முறை இழுத்தாள். தாண்டவராயர் அதைச் சந்தேகத்தோடு கவனித்தார்.

தாண்டவராயரின் மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. போனது வீடு.