லொங்குய்யில் தெரிந்த கோலாலம்பூர்

1968 ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, கனடாவின் லொங்குய்யில் பாலசந்திரன் வீட்டுத் தொலைக்காட்சியின் பதினோராம் எண்ணில் கோலாலம்பூர் தெரிந்தது. அங்கே அப்போது இரவு எட்டு மணி. மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கி நாலரை ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்நாட்டின் தொலைவான ஊர்கள் சிலவற்றுக்கே ஒளிபரப்பு இன்னும் எட்டவில்லை. லொங்குய்யில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லாமல் தெளிவாக இருந்தது. தமிழ்ச் செய்தி வாசித்தவள் பாலசந்திரனின் மனைவி வசந்தகுமாரியின் தங்கை அனுசூயா. கோலாலம்பூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். மின்பொறியாளரான பாலசந்திரன் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைக் கழற்றினார், படம் போகவில்லை. கோலாலம்பூர் நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். படம் எப்படி, ஒலி எப்படி என்று கேட்டு அச்சிட்ட படிவம் ஒன்று வந்தது. இரண்டுக்கும் 'நன்று' என்று நிரப்பி அனுப்பினார். வெளியே தெரிந்தால் பைத்தியம் என்று வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், யாரிடமும் மூச்சுவிடக் கூடாதென்று மனைவியிடம் சொல்லிவைத்தார்.

பதினொரு மாதம் அப்படியே போனது. 1969 மே பதின்மூன்றாம் தேதி கோலாலம்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே கலவரம் மூண்டு ஊரடங்கு போட்டார்கள். மறுநாள் காலை செய்தியில் அனுசூயா இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கொடுத்த தந்திகளுக்குப் பதில் வரவில்லை. வசந்தகுமாரி சாப்பிடாமல் பெட்டியின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பாலசந்திரன் அன்று டவுன்டவுனுக்குப் போய், பல்கலைக்கழகத்தில் படித்த மலேசிய மாணவர்களைத் தேடிப்பிடித்து விஷயத்தைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது பேர் மெட்ரோ பிடித்து வந்தார்கள்: மலாய்க்காரர் மூவர், சீனர் நால்வர், தமிழர் இருவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். மலாய்ச் செய்தியை மலாய் மாணவன் ஒருவன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் குனிந்து கேட்டார்கள். வசந்தகுமாரி எழுந்துபோய் எல்லோருக்கும் உப்புமா கிண்டினாள்.

சனிக்கிழமை காலை திரையில் அனுசூயா வந்தாள்.

"ஏங்க, அனு வந்துட்டா! உயிரோட இருக்கா!"

"கொஞ்சம் பொறு, என்ன சொல்றான்னு கேப்போம்" என்றார் பாலசந்திரன்.

"அழாதீங்கலா அக்கா" என்று மலேசியப் பேச்சில் சொன்ன தமிழ் மாணவன் ஒருவனும் அழுதான். ஊரடங்கு எந்தப் பகுதியில் எத்தனை மணிக்குத் தளரும் என்று அனுசூயா வாசித்தாள். தங்கள் தெருவின் பேர் காதில் விழுந்ததும் சீன மாணவன் ஒருவன் பக்கத்திலிருந்த மலாய் மாணவனின் கையைப் பிடித்தான். செய்தி முடியும்வரை விடவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அனுசூயா அதே சேலையில்தான் இருந்தாள். நிலையத்திலேயே தங்கிவிட்டாள் போலும். வசந்தகுமாரி தன் மதுரைச் சுங்குடி ஒன்றை மடித்துப் பெட்டியின் முன்னால் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். திரும்பி வந்தபோது சேலை இல்லை. புதன்கிழமை அனுசூயா அதைக் கட்டிக்கொண்டு வாசித்தாள். ஜூலையில் கடிதம் வந்தது: "அக்கா, சேலை கிடைத்தது. அடுத்த முறை ரவிக்கைத் துணியும் சேர்த்து வை."

அந்த ஆண்டுக் கடைசியில் மலேசியா இரண்டாவது அலைவரிசையைத் தொடங்கியபோது அது ஒன்பதாம் எண்ணில் வந்தது. மாணவர்கள் பட்டம் வாங்கிப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள், உப்புமாவின் அளவு மட்டும் குறையவில்லை. மாதாமாதம் வந்த படிவங்களைப் பாலசந்திரன் நிரப்பி அனுப்பினார். 1979 ஜனவரியில் தொலைக்காட்சிக் கடைக்காரர், இன்னும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டிதானா, புதிதாக ஒரு கலர் பெட்டி வாங்கக் கூடாதா என்று கேட்டார்.

"எதுக்கு? போன வாரத்திலேர்ந்து கோலாலம்பூர்லயே கலர் வந்துடுச்சே, அந்தப் பெட்டியிலயும் கலராத்தான் தெரியுது" என்றார் பாலசந்திரன்.

கடைக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனார்.