கையை மடக்கிக்கோங்க

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் அவளுக்கு மின்னல் என்று பெயர். பட்டையைக் கட்டுவாள், நரம்பைத் தட்டுவாள், ஊசி போய் வந்ததே தெரியாது. பஞ்சை அழுத்திவிட்டு, "கையை மடக்கிக்கோங்க, அடுத்தது யாரு?" என்பாள். காலையில் மட்டும் எண்பது பேர். அது முடிந்தால் சபை. ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம், நோயாளிகளைப் பார்க்கப் போவது என்று நாலு பொறுப்பு. காலில் சக்கரம் கட்டியவள் என்பார்கள். பாவம், அவளும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

கணவர் தச்சர். இதயத்தில் அடைப்பு. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், "எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணேன்" என்றார்.

தோளில் பை தொங்க, அவர் தலைமேல் கையை வைத்தாள். ஒரே மூச்சு. டாக்டர், மயக்க மருந்து, தையல், சீக்கிரம் குணம் என்று எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. ஆமென் வரவேண்டிய இடத்தில், "கையை மடக்கிக்கோங்க, அடுத்தது யாரு?" என்று வந்தது.

சொன்ன பேச்சு கேட்கிற மனிதர். மடக்கிவிட்டார்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர், "எதுக்குப் பயமா இருக்குன்னு உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார்.

"சொல்லுங்க, சொல்லுங்க." அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"நேரமாச்சு, போயிட்டு வாம்மா."

பஸ்ஸில் அவளுக்கு அழுகை முட்டியது. கட்டின புருஷனுக்கே இந்தக் கதி என்றால் கர்த்தருக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பதினோரு வருஷமாகக் கர்த்தருக்காக ஓடியிருக்கிறாள். அவரோடு உட்கார்ந்தது எப்போது என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அன்று மாலையே போதகர் முன்னால் போய் நின்றாள்.

"நாலு பொறுப்பையும் விடறேன், ஐயா."

போதகர் நல்லவர்தான். ஆனால் ஆள் கிடைக்காத கவலை அவருக்கு. "நீங்க இல்லாட்டி சபையே நடக்காதே, சிஸ்டர்!"

இந்த ஒரு பேச்சுக்காகத்தானே இத்தனை வருஷம் ஓடினாள்? இன்று அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

"அப்படி உங்களை நினைக்க வெச்சது என் தப்புதான், ஐயா" என்று தன்னிடம் இருந்த சபைச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அரை மணி நேரம் கர்த்தர் முன்னால் சும்மா உட்காருவது என்று முடிவு. சும்மா உட்காருவது என்ன லேசுப்பட்ட வேலையா? முதல் நாள் ஆறாவது நிமிஷமே எழுந்து அலமாரியைத் துடைத்தாள். இரண்டாம் நாள் செருப்புகளை வரிசையாக அடுக்கினாள். மூன்றாம் நாள் "உட்காருடி!" என்று தன்னைத்தானே அதட்டி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். விடுவதாக இல்லை. ஒன்பதாம் நாள், கேட்பதற்கு எதுவுமே தோன்றாமல், "ஆண்டவரே, நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன்" என்று வாய்விட்டு அழுதாள். அரை மணி ஒரு மணியானது அவளுக்குத் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை நாள். கணவர் பச்சை அங்கியில் படுத்திருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது. எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"இப்பச் சொல்லுங்க. என்ன பயம்?"

அவர் முதலில் போர்வை நுனியை நீவி நீவிச் சரிசெய்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.

"சாவுக்குப் பயமில்லம்மா. நான் போயிட்டா நீ அழறதுக்குக்கூட உட்கார மாட்டே. ஓடிக்கிட்டே இருப்பே. உன்னை யாரு நிறுத்துவா?"

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, இவர் எனக்கு வேணும்."

வேறு எதுவும் கேட்கவில்லை. அப்படியே இருந்தாள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஊழியர் வந்தார். "நேரமாச்சும்மா, கிளம்பலாமா?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள், தலையைத் திருப்பாமல். "நாங்க மூணு பேரும் பேசிக்கிட்டிருக்கோம்."

ஊழியர் மூன்றாவது ஆளைத் தேடி அறையைச் சுற்றிப் பார்த்தார்.