பேட்டரி விறைத்த மூன்று நாள்

வேட்டா நான்காம் முறையாகச் சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்றது வண்டி. அதற்கு மேல் பேச அதற்கு விருப்பமில்லை. அவள் முதுகுக்குப் பின்னே, மடக்கிய இருக்கைகளின் மேல், அவள் அப்பா கவ்ரில் சவப்பெட்டிக்குள் கிடந்தார். பெட்டி வெளியே துருத்தியதால் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

வாசல் தாண்டிய பிணத்தைத் திரும்ப உள்ளே கொண்டுபோனால் அது வீட்டில் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போகும். அந்தக் கார்பாத்திய மலையூரில் இது எல்லோருக்கும் தெரியும். மேலே கல்லறைத் தோட்டத்தில் காத்திருக்கும் பாதிரியாருக்கு இரண்டு மணிக்குப் பக்கத்து ஊரில் ஞானஸ்நானம். தள்ளிக் கிளப்பலாமென்றால் வாசலிலிருந்தே ஏற்றம். தோளில் தூக்கலாமென்றால் மூன்று கிலோமீட்டர் வழுக்குப் பனி; தூக்க வந்தவர்களில் இளையவருக்கு அறுபத்தெட்டு வயது.

"விளக்கப் போடு," என்றார் ஓனு சித்தப்பா.

விளக்கு மஞ்சளாக ஒருமுறை கண்விழித்து மூடிக்கொண்டது. சித்தப்பா பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கத்தியால் சுரண்டி, கவ்விகளை இறுக்கினார். டிக்.

"பேட்டரிய உள்ள வச்சிருந்தீங்களா அண்ணி?"

"வைக்காம? மூணு நாளும் அடுப்போரமாத்தான் இருந்துச்சு. காலைல நானே தூக்கியாந்து மாட்டினேன்," என்றாள் அம்மா.

உண்மைதான். குளிர் பிறந்தால் கவ்ரில் தினமும் பேட்டரியைக் கழற்றி, பெரிய அறை அடுப்போரம் கம்பளியில் சுற்றி வைப்பார். அதற்கு அடுத்த இடம்தான் மனைவிக்கு. ஒரு ஜனவரியில் ஊர்ச் சேவலின் கூவல் தொண்டையிலேயே உறைந்து மார்ச்சில்தான் வெளியே கேட்டது. அன்றைக்கும் இந்த வண்டி ஒரே திருப்பலில் கிளம்பியது.

ஆனால் மூன்று நாளாக அந்த அறையில் அவரையே கிடத்தியிருந்தார்கள். பிணம் கிடக்கும் அறையில் அடுப்பு மூட்டுவதில்லை, சன்னலையும் சாத்துவதில்லை. பேட்டரியும் அவரோடு சேர்ந்து விறைத்தது. இதைக் கவனித்திருக்கக்கூடிய ஒரே மனிதர் பெட்டிக்குள் இருந்தார்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தொவாதெரின் டிராக்டர் நின்றது, அதன் பக்கத்தில் அவரும். வேலிக்கம்பம் ஒன்று ஒரு சாண் நகர்ந்ததில் இரண்டு வீட்டுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சில்லை. தான் செத்தாலும் அந்த டிராக்டர் தன்னை இழுக்கக் கூடாதென்று போன வாரம்தான் அப்பா மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

வேட்டா இறங்கி வேலியோரம் போனாள்.

"மாமா."

"ம்."

"வண்டி கெளம்பல."

"அரை மணி நேரமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டா வாய் தேஞ்சா போயிரும்?"

"நீங்க இழுக்கக் கூடாதுன்னு அப்பாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

தொவாதெர் மீசையைத் தடவினார். "இழுக்கத்தானே கூடாது. கரண்ட்டப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"இல்ல."

"அப்ப தள்ளி நில்லு."

டிராக்டரை வண்டியோடு மூக்குக்கு மூக்கு நிறுத்தி, இரண்டு தடித்த கேபிள்களை மாட்டினார். "அஞ்சு நிமிசம் குடிக்கட்டும்."

கிழவர்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். தொவாதெர் பின்கதவுப் பக்கம் போய், தளர்ந்திருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். பிறகு அவரும் தொப்பியைக் கழற்றினார்.

"இப்பத் திருப்பு."

வண்டி இருமி, உறுமி, கிளம்பியது.

"மேல போயி அணைச்சிராத. மறுபடி உசுரு குடுக்க நான் வரமாட்டேன்."

அவள் அணைக்கவில்லை. பாதிரியார் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தி ஜெபித்தார். ஒன்றே முக்காலுக்கு மண் மூடியாயிற்று.

வீடு திரும்பியதும் எல்லோரும் துக்கச் சாப்பாட்டுக்கு உள்ளே போனார்கள். பெரிய அறையில் அடுப்பு மூட்டியாகிவிட்டது. வேட்டா மட்டும் வாசலில், சாவியில் கை வைத்தபடி வண்டிக்குள் இருந்தாள். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

சற்றுக் கழித்து அம்மா இரண்டு தட்டில், இறந்தவருக்காக வேகவைத்த இனிப்புக் கோதுமையோடு வந்து, பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இருவரும் சாப்பிட்டார்கள். கண்ணாடியில் ஆவி படரப் படர, அம்மா தலைத்துணியின் நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.