அத்தானுக்குப் பிடித்த பாட்டு

"தம்பி, நாளைக்குக் கச்சேரியில அந்தப் பாட்டு வேண்டாம்," என்றாள் பூரணி அக்கா. குசினியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "உன்ர அத்தானும் வாறார். முன்வரிசையில இருக்கோணுமாம்."

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அட்டன் என்று கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பாடித் திரிந்த இராகுலனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த ஒரு பாட்டுத்தான். மற்ற ஊர்களில் அது யாரோ ஒருத்தியின் கதை. இங்கே திருகோணமலையில் அது அக்காவின் கதை.

கட்டாரில் வேலைசெய்யும் அத்தான் வில்வராசா பின்னேரமானால் வீடியோ கோல் எடுப்பார். சுகம் விசாரிக்க அல்ல. "போனைத் திருப்பு, வாசலைக் காட்டு, ஆர் வந்தது?" என்று விசாரணை நடத்த. பொறுக்கமுடியாத நாட்களில் அக்கா போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடிவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் நடந்துவிட்டு வருவாள். மறுநாள் அவர் கத்தினால், "கடல் காத்துக்கு லைன் நிக்குதில்லை" என்பாள். வருசக்கணக்காக அதே பதில்தான். இதையெல்லாம் ஒருநாள் சிரித்துச் சிரித்துத் தம்பியிடம் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதாள்.

தம்பி அதைப் பாட்டாக்கினான். பெயரை மாற்றினான், ஊரை மாற்றினான், புருசனைக் கப்பலில் ஏற்றிவிட்டான். அக்காவின் அரிசி வாளியையும் கடல் காத்து வசனத்தையும் மட்டும் மாற்ற மனம் வரவில்லை. மெட்டில் அவ்வளவு கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிட்டன. பாட்டெழுதுகிறவர்களின் புத்தியே இதுதான். நல்ல வரி ஒன்று அகப்பட்டால் கூடப்பிறந்தவள்கூட நினைவுக்கு வரமாட்டாள்.

"பாடமாட்டன் அக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

வேடிக்கை என்னவென்றால், லீவில் வந்திருந்த அத்தானுக்கு அந்தப் பாட்டென்றால் உயிர். ரிங்டோனே அதுதான். பாட்டின் முதல் பந்தியில் கப்பல் விளக்குகளைப் பார்த்தபடி ஒருத்தி காத்திருப்பாள். தன்னைப்போலப் பிரிந்திருக்கும் புருசன்மாருக்காக மச்சான் எழுதியது என்று கட்டாரில் அறைக்கூட்டாளிகளுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார். எந்தப் பாட்டையும் இரண்டாம் பந்திவரை கேட்கிற பொறுமை மனுசனுக்குக் கிடையாது. அக்காவின் வரிகள் வருவதோ இரண்டாம் பந்தியில். அக்காவின் குடும்பம் இவ்வளவு காலமும் அந்தப் பொறுமையின்மையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பின்னேரம் உள்துறைமுக வீதியோரத் திடலில் சனம் நிரம்பி வழிந்தது. வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்துக்குப் பாடகர் ஒருவரைத் தெரிவுசெய்யக் கொழும்பிலிருந்து றுமானா வந்திருந்தாள். "அந்தப் பாட்டைச் சனத்தோட சேர்ந்து பாடுவீங்களாம். அதைப் பாக்கத்தான் வந்தனான்," என்று மேடைக்குப் பின்னால் வந்து சொல்லிவிட்டுப் போனாள். இராகுலன் தலையை ஆட்டிவைத்தான்.

வேறு பாட்டுகள் பாடினான். நன்றாகவே பாடினான். முன்வரிசையில் அத்தானுக்குப் பக்கத்தில் அக்கா கைகளை மடியில் கோத்தபடி இருந்தாள். றுமானா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாட்டும் முடிந்தது. தப்பினோம் என்று மூச்சு விட்டபோது அத்தான் கதிரையை விட்டு எழும்பினார்.

"மச்சான்! எங்கட பாட்டைப் பாடாமல் போறியோ?"

சனம் பிடித்துக்கொண்டது. கைதட்டலும் விசிலும் காதைப் பிளந்தன. றுமானா நிமிர்ந்தாள். அக்கா அவனையே பார்த்தாள்.

முதல் பந்தியோடு முடித்துவிட்டால் அக்காவுக்கும் பழுதில்லை, றுமானா தரும் வாய்ப்பும் கைநழுவாது என்று இராகுலன் நினைத்தான். ஆசை அப்படித்தான் நினைக்கவைக்கும். கிற்றாரைத் தட்டினான்.

*கப்பல் விளக்கெல்லாம் கரையைப் பாக்குது,*
*கண்ணும் அதுபோலக் காத்துக் கிடக்குது.*

அத்தான் போன் வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விடப் பலமாகப் பாடினார். பந்தி முடிந்ததும் இராகுலன் தந்திகளை அழுத்தி நிறுத்தி, "நன்றி, வணக்கம்" என்று கும்பிட்டான்.

கிண்ணியாவிலிருந்து வந்து தாளம் போடும் பாயிஸுக்குச் சத்தியம் பண்ணிய கதை தெரியாது. சனத்தைப் பாடவிடுகிறான் என்று நினைத்து அவன் தாளத்தை விடவில்லை. சனம் இரண்டாம் பந்தியை எடுத்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று இராகுலன் இரண்டு கைகளையும் வீசினான். உற்சாகப்படுத்துகிறான் என்று எண்ணி அவர்கள் இன்னும் உரக்கப் பாடினார்கள்.

*அரிசி வாளிக்குள்ள போனை வச்சு மூடினன்...*

அத்தான் சிரித்தார். நல்ல பகிடி என்று பக்கத்திலிருந்தவரின் தோளில் தட்டினார்.

*கடல் காத்துக்கு லைன் நிக்குதில்லை எண்டு சொன்னன்...*

உயர்த்திய கை அப்படியே நின்றது. சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. அத்தான் குனிந்து அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னாள். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு வாசல் பக்கம் போனார். அக்கா எழும்பவில்லை.

இராகுலன் மேடையிலிருந்து குதித்து ஓடினான். "அக்கா, என்ன கேட்டவர்?"

"இது நீயோ எண்டு கேட்டார். ஓம் எண்டனான்."

"நான் நிப்பாட்டத்தான் பாத்தனான்."

"தொடங்கினது ஆர்? என்ர கதையை என்னைக் கேளாமல் ஊரெல்லாம் பாடினது போதும். இனிப் பாடுறதெண்டால் என்னைக் கேட்டுப் பாடு."

பின்னால் சனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. றுமானா சிரித்தபடி, மேடைக்குப் போங்கள் என்று கையைக் காட்டினாள். இவ்வளவு காலமும் அவன் அலைந்ததெல்லாம் அந்தக் கைக்காகத்தான்.

"இப்ப பாடட்டோ அக்கா?"

அக்கா வாசலைப் பார்த்தபடியே சொன்னாள். "வேண்டாம்."

இராகுலன் மேடையேறி ஒலிவாங்கியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். சனம் ஊவென்று கூச்சலிட்டது. றுமானா ஏதோ சொல்லிக்கொண்டு முன்னால் வந்தாள். அவன் நிற்கவில்லை.

"எங்க போவம் அக்கா? அம்மாட்டையோ?"

"ஏன் அம்மாட்ட?" அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். "நானும் அவரும் இருக்கிற வீடு எனக்குச் சீதனமாத் தந்தது. போறதெண்டால் அவர் போகட்டும்."